நெஞ்சு எழும்புகிறதா

1966-இல் அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழப் பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. மருத்துவமனைக்குப் போனாலும் இடுகாட்டுக்குப் போனாலும் வண்டி ஒன்றே. அந்த ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, இப்படி வண்டி ஓட்டிய 12,000 ஈமச்சடங்குக்காரர்களைக் கணக்கெடுத்தது. 1965-இல் மட்டும் விபத்துகளில் இறந்த 1,07,000 பேரையும் கணக்கெடுத்தது. விபத்துச் சாவை, நவீன சமூகம் கண்டுகொள்ளாமல் விட்ட நோய் என்று தலைப்பிலேயே சொன்னது. படுகாயம் அடைந்தவன் பிழைப்பதற்கு உள்ளூர்த் தெருவைவிடப் போர்க்களமே மேல் என்று, போர்முனையில் வேலை பார்த்துத் திரும்பிய மருத்துவர்கள் கருதுவதாகவும் அதில் எழுதியிருந்தது.

இ.எம்.டி. என்று இன்று அழைக்கப்படும் அவசர மருத்துவ உதவியாளருக்கான பாடத்திட்டத்தின் வேர்களில் ஒன்று அந்த அறிக்கை. இன்னொரு வேர் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் இருக்கிறது. அதைப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லவில்லை.

பிட்ஸ்பர்க்கில் அந்நாட்களில் ஆம்புலன்ஸ் வேலையைப் பார்த்தது போலீஸ். கைதிகளை ஏற்றும் அதே வேனின் பின்பக்கத்தில் நோயாளியைக் கிடத்திவிட்டு, இரண்டு காவலர்களும் முன்னிருக்கையில் ஏறிக்கொள்வார்கள். வண்டி வேகமாகத்தான் போகும். பின்னால் கிடப்பவருக்கு மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஹில் டிஸ்ட்ரிக்டில் அந்த வேனும் கூப்பிட்டவுடன் வராது. வந்தாலும், போலீஸ் வேனில் ஏறுவதற்கு அந்தத் தெருக்காரர்கள் அஞ்சினார்கள்.

1966 நவம்பர் 4-ஆம் தேதி, நகரின் முன்னாள் மேயரும் பென்சில்வேனியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டமொன்றில் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைத்து மேடையிலேயே விழுந்தார். போலீஸ் வேன் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. இதயம் திரும்பத் துடித்தது, நினைவு திரும்பவில்லை. மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. பதினேழு நாள் கழித்து இறந்தார். மாநிலத்தையே ஆண்டவருக்கும் கிடைத்தது அந்த வேன்தான்.

அவருக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவர் பீட்டர் சாஃபர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த மயக்கவியல் மருத்துவர். அதே 1966-இல் அவருடைய பதினொரு வயது மகள் ஆஸ்துமா முற்றி இறந்திருந்தாள். அவளுக்கும் மருத்துவமனையில் நுரையீரலையும் இதயத்தையும் மீட்க முடிந்தது, மூளையை மீட்க முடியவில்லை. சிகிச்சை மருத்துவமனை வாசலில் தொடங்கினால் பலருக்கு அது காலம் கடந்த சிகிச்சை என்பது சாஃபருக்குத் தொழிலாலும் தெரியும், வீட்டாலும் தெரியும்.

அவரிடம் கொடுப்பதற்கு ஒரு விஷயமும் இருந்தது. 1950-களின் பிற்பாதியில் பால்டிமோரில் அவர் நடத்திய சோதனைகளை இன்றைய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. தாமாக முன்வந்தவர்களுக்கு மயக்க மருந்தும், தசைகளை முடக்கும் க்யூராரே மருந்தும் கொடுத்தார். மூச்சு நின்றது. மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களை வரவழைத்து, அவர்களுடைய வாயிலிருந்து நேரடியாகக் காற்றை ஊதச் சொன்னார். வெளிவிடும் மூச்சிலும் 16 விழுக்காடு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. இன்னொரு உடலைக் காப்பாற்ற அது போதும் என்று இரத்தப் பரிசோதனைகள் காட்டின. குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் பழைய முறையில் பெரும்பாலும் காற்று உள்ளே போகவே இல்லை என்பதும் தெரிந்தது. தடுத்தது நாக்கு. நினைவிழந்தவரின் தசைகள் தளரும்போது நாக்கும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து மோவாயை உயர்த்தினால் வழி திறக்கிறது. ஒரு காசு செலவில்லாத அந்த அசைவைத்தான் இன்றும் முதல் வாரத்தில் கற்றுத்தருகிறார்கள்.

அதே பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மின்பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனும் அவருடைய குழுவும் மின்னதிர்ச்சிக் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கனமான மின்தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே இரத்த அழுத்தம் ஏறுவதை உடன் வேலை செய்த கை நிக்கர்பாக்கர் கவனித்தார். நெஞ்சைத் திறந்து இதயத்தைக் கையால் பிசையத் தேவையில்லை, வெளியிலிருந்து அழுத்தினால் போதும் என்ற முடிவு 1960-இல் அச்சேறியது. ஊதுவதும் அழுத்துவதும் சேர்ந்து சி.பி.ஆர். ஆனது. இரண்டையும் கண்டுபிடித்த பிறகு எழுந்த கேள்விதான் கடினமானது. இதை யார் கையில் கொடுப்பது? மருத்துவர்களில் பலர் தங்கள் கையை விட்டு அது வெளியே போவதை விரும்பவில்லை.

சாஃபர் வெளியே கொடுக்க முடிவு செய்தார். 1967-இல், ஹில் டிஸ்ட்ரிக்டில் கறுப்பினத்தவருக்கு வேலைவாய்ப்பு உருவாக்க முனைந்த ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்போடும், ஃபில் ஹாலன் என்பவர் தலைமையிலிருந்த ஓர் அறக்கட்டளையோடும் சேர்ந்து, அந்தத் தெரு ஆட்களையே பயிற்றுவிக்கும் திட்டம் பிறந்தது. வந்தவர்களில் பலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். சிலர் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள். வேலைக்கு லாயக்கற்றவர்கள் என்று நகரம் ஒதுக்கிவைத்தவர்கள். அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்க அரசு நாடு முழுமைக்கும் வகுத்த இ.எம்.டி. பாடத்திட்டம் 81 மணி நேரம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அதன் அளவு புரியும்.

அந்த வகுப்பில் கற்றதும் இன்று ஒரு மாணவர் கற்பதும் அடித்தளத்தில் பெரிதாக வேறுபடவில்லை.

முதலில் வருவது நின்று பார்ப்பது. சாலையில் வண்டிகள் இன்னும் வருகின்றனவா, அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, எரிவாயு வாசனை அடிக்கிறதா. உதவ ஓடியவர் அடுத்த நோயாளியாக விழுந்துவிடக் கூடாது. பிறகு பார்வைக்கு ஒரு வரிசை உண்டு. பீறிட்டு ஓடும் இரத்தம், மூச்சுப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு நிலை. கால் முறிந்து எலும்பு வெளியே தெரிகிறது, கூட்டம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பயிற்சி பெற்றவரின் கண் மட்டும் முகத்துக்குப் போய் நெஞ்சில் நிற்கிறது. முறிந்த கால் ஒரு மணி நேரம் காத்திருக்கும். அடைபட்ட தொண்டை சில நிமிடம்கூடப் பொறுக்காது. பலர் அடிபட்ட இடத்தில் இது இன்னும் கூர்மையாகும். உரக்கக் கத்துபவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது. ஓரமாகச் சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் 1980-களில் உருவான வகைப்படுத்தும் முறை, ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே தருகிறது. நடக்க முடிகிறவர்களை ஒரு பக்கம் வரச்சொல்லிவிட்டு, மிச்சமிருப்பவர்களின் மூச்சு, நாடி, சொன்னதைச் செய்கிறார்களா என்ற மூன்றை மட்டும் பார்க்கச் சொல்கிறது.

மூச்சை எண்ணுவதில் ஒரு சிறு தந்திரம் உண்டு. தன் மூச்சை யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்களுக்கு மூச்சு மாறிவிடும். ஆகவே மாணவர் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சின் ஏற்றத்தை எண்ணப் பழகுகிறார். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. முப்பதைத் தாண்டினால் உடல் எதையோ ஈடுகட்டப் போராடுகிறது. திடீரென்று எட்டுக்கு இறங்கினால் நிம்மதி அடையக் கூடாது. போராடிய உடல் களைத்துவிட்டது.

பிறகு ஆம்பு பேக். டென்மார்க்கில் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் ஹென்னிங் ரூபனும் 1956-இல் உருவாக்கிய, தானாக விரியும் பை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்த, மற்ற மூன்று விரல்கள் தாடையெலும்பைத் தூக்கிப்பிடிக்க வேண்டும். மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்குபவர்கள் தோற்பார்கள். முகத்தை மாஸ்க்குக்குள் உயர்த்துபவர்கள் வெல்வார்கள். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒருமுறை பிழிந்தால் போதும். பதற்றத்தில் கை அதைவிட வேகமாக ஓடும். வேகமாகப் பிழிந்தால் காற்று இரைப்பைக்குப் போய் வாந்தி வரும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். எவ்வளவு பிழிவது என்பதற்கு வண்டியில் தனியாகக் கருவி வேண்டியதில்லை. நெஞ்சு எழும்பத் தொடங்கும் வரை, அவ்வளவுதான்.

சி.பி.ஆரின் எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், முப்பதுக்கு இரண்டு மூச்சு. இந்த எண்களைவிட, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சை முழுவதுமாக எழும்பவிடுவதுதான் மாணவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. கை களைத்ததும் உடலின் பாரம் நெஞ்சிலேயே தங்கிவிடும், இதயம் நிரம்ப இடம் இருக்காது. ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. அதனால்தான், முடிகிறது என்று அவர் சொன்னாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ்கள் 1968-இல் தெருவில் இறங்கின. முதல் ஆண்டில் ஏறத்தாழ 5,800 அழைப்புகள், 4,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள். சாஃபர் தொகுத்த தரவுகளின்படி பிழைத்த உயிர்கள் 200. நகரத்தின் அழைப்பு முறை பெரும்பாலும் போலீஸ் கையில் இருந்தது. அதனால் இவர்கள் போலீஸ் ரேடியோவை ஒட்டுக்கேட்டு, வேன் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்ததும் உண்டு. வெள்ளைக்காரர் வீடுகளில் தொடவே அனுமதிக்காதவர்கள் இருந்தார்கள். போலீஸ் வேண்டாம், ஃப்ரீடம் ஹவுஸை அனுப்புங்கள் என்று கேட்டவர்களும் மெல்லப் பெருகினார்கள்.

1974-இல் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர் இவர்களோடு சேர்ந்தார். வண்டியில் ஏறி இரவெல்லாம் கூடவே போனார். திரும்பும் வழியில் செய்தது ஒவ்வொன்றையும் ஏன் செய்தாய் என்று கேட்டார். தொண்டைக்குள் குழாய் செலுத்துவதை மருத்துவமனைக்கு வெளியே, தெருவிலேயே செய்த முதல் சிலரில் இவர்களும் உண்டு. கரோலைன் அங்கே வடிவமைத்த பாடங்கள் அமெரிக்காவின் தேசியப் பாராமெடிக் பாடத்திட்டத்துக்கு அடிப்படையாயின. அவர் எழுதிய பாடநூல் 1979-இல் வெளிவந்தது. அவருக்குப் பின்னும் புதிய பதிப்புகளில் வந்துகொண்டிருக்கிறது.

ஃப்ரீடம் ஹவுஸ் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. 1975 அக்டோபரில் நகரம் தன் சொந்த ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கி இவர்களை உள்வாங்கிக்கொண்டது. அதன் பிறகு புதிய தேர்வுகள் வந்தன. பழைய போலீஸ் வழக்குகளைக் காரணம் காட்டிச் சிலரை நீக்கினார்கள். அனுபவம் குறைந்த வெள்ளை ஊழியர்களுக்குக் கீழே பலரை வைத்தார்கள். தேசத்துக்கே தரம் எது என்று காட்டியவர்கள், தரம் போதாதென்று வெளியேறினார்கள். மிஞ்சியவர்களில் ஜான் மூன் என்பவர் பல ஆண்டுகள் நின்று துறையின் உதவித் தலைவர் வரை உயர்ந்து 2009-இல் ஓய்வுபெற்றார்.

அடித்தளம் மாறாவிட்டாலும், அரை நூற்றாண்டில் பாடங்கள் பல தலைகீழாகியிருக்கின்றன. இரத்தக் குழாய் அறுந்த கையிலும் காலிலும் இறுக்குப் பட்டை கட்டுவதைக் கடைசிப் புகலிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவம் அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. கட்டிய நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். விபத்தில் சிக்கிய எல்லோரையும் ஸ்பைன் போர்டு என்ற முதுகெலும்புப் பலகையில் வாரிட்டுக் கட்டுவது கடமையாக இருந்தது. பலகை மூச்சைச் சிரமப்படுத்துகிறது, படுக்கைப்புண் உண்டாக்குகிறது என்று தெரிந்த பின் அந்தப் பழக்கம் தளர்ந்தது. இதயம் நின்றவருக்கு மூச்சுப் பாதை முதலில் என்றிருந்த வரிசையை 2010-இல் மாற்றி, நெஞ்சழுத்தம் முதலில் என்றார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று அடக்கமான விதத்தில் அதிரவைப்பது. அங்கே 17 நகரங்களில் சி.பி.ஆரும் விரைவான மின்னதிர்ச்சியும் தரும் அமைப்பு ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதன் மேல் தொண்டைக்குழாயும் சிரை வழி மருந்தும் தரும் உயர்நிலை ஆட்களைச் சேர்த்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 5,638 பேரின் கணக்கு 2004-இல் வெளியானது. உயிரோடு வீடு திரும்பியவர்கள் முன்பு 5.0 விழுக்காடு, பின்பு 5.1. அருகில் நின்றவர் உடனே நெஞ்சை அழுத்தினாரா, மின்னதிர்ச்சி சீக்கிரம் கிடைத்ததா என்பவைதான் தலைவிதியை மாற்றின. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்றவற்றில் உயர்நிலைப் பயிற்சிக்குப் பயன் உண்டு. ஆனால் இதயம் நின்ற அந்த நிமிடத்தில் முதல் மாதப் பாடத்தை விஞ்ச எதுவும் இல்லை.

இந்தியாவில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. வண்டியில் பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் ஓர் இ.எம்.டி.யும் இருப்பார்கள். இங்கே வரும் அழைப்புகளில் பிரசவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விஷம் குடித்தவர்களும் பாம்பு கடித்தவர்களும் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அமெரிக்கப் பாடநூலில் சில பக்கங்களில் முடிந்துவிடும் விஷயம், டெல்டா மாவட்டத்து இ.எம்.டி.க்கு அன்றாட வேலை.

பீறிடும் இரத்தத்துக்கு உயிர்காக்கும் அதே இறுக்குக் கட்டு பாம்புக்கடியில் தீங்கு செய்யும். கண்ணாடி விரியன் கடித்த காலில் துணியை இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தங்கித் தசை அழுகும். இரத்தம் ஓடாமல் காலே போகலாம். கயிறு கட்டி, கீறி, உறிஞ்சிய பிறகுதான் பல வீடுகளில் 108-ஐக் கூப்பிடுகிறார்கள். உறவினர்கள் நம்பிக்கையோடு போட்ட கட்டை அவர்கள் எதிரில் பிடுங்கி எறிய முடியாது. பிடுங்கி எறியவும் கூடாது. பல மணி நேரம் இறுகியிருந்த கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் உடலில் பரவும். காலை அசையாமல் வைத்துக்கொண்டு, மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கட்டும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் அந்த நேரத்தில் ஒரு மருத்துவத் திறமைதான்.

கட்டுவிரியன் வேறு வகை. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். பெரும்பாலும் வலி இல்லை, வீக்கம் இல்லை. கடித்ததே தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமைகள் தானாகச் சரிகின்றன, பேச்சு குழறுகிறது, எச்சில் விழுங்க முடிவதில்லை. அதன் நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் சந்தியை முடக்குகிறது. சாஃபர் பால்டிமோரில் பயன்படுத்திய க்யூராரே வேலை செய்வதும் அந்தச் சந்தியில்தான். இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மூச்சுத் தசை மட்டும் நின்றுவிடுகிறது. பால்டிமோர் ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே உருவாக்கிய அதே நிலைமை, திருவாரூர்ப் பக்கத்து வயல்வெளி வீட்டில் யாரும் விரும்பாமல் உண்டாகிறது. மருந்தும் ஒன்றே: இன்னொருவர் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஜி.எச். போய்ச் சேரும்வரை ஆறு விநாடிக்கு ஒருமுறை ஆம்பு பேக்கைப் பிழிந்தால், நாட்கள் கழித்து அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். நஞ்சுமுறிவு மருந்து தாமதமானாலும் பிழைக்க முடியும். மூச்சு தாமதமானால் முடியாது. கண் திறக்க முடியாமல் கிடக்கும் அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால், அவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். போய்விட்டார் என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மருத்துவமனை வாசலில் இன்னொரு வேலை இருக்கிறது. வழியில் பார்த்ததை அரை நிமிடத்தில் ஒப்படைப்பது. எத்தனை மணிக்குக் கடித்தது, எப்போது இமை சரிந்தது, மூச்சு எண்ணிக்கை எப்படி மாறியது, என்ன கொடுத்தது, கொடுத்த பிறகு என்ன நடந்தது. குடித்திருக்கிறான் என்று ஊரார் சொன்ன ஆளுக்குச் சர்க்கரை அளவு பாதாளத்தில் கிடந்தது என்பதை டியூட்டி டாக்டர் முதலில் அறிவது இ.எம்.டி.யிடமிருந்துதான். கேஷுவாலிட்டியின் நெரிசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்தவர் சொல்வதற்குக் காது கொடுக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. கேட்காமல் விட்ட அந்தத் தகவலை எந்த ஸ்கேனும் பிறகு எடுத்துத் தராது.

2021-இல் இந்தியா துணைநிலை மருத்துவப் பணிகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அவசர மருத்துவப் பணியாளர்களையும் அதன் பட்டியல் அங்கீகரிக்கிறது. பட்டப்படிப்பு, பதிவேடு, தகுதிக்கான மணிக்கணக்கு எல்லாம் இனி முறையாக வரும், வரத்தான் வேண்டும். ஃப்ரீடம் ஹவுஸ் காலத்துப் பிட்ஸ்பர்க்கிலும் தேர்வுகள் தரத்தின் பெயரால்தான் வந்தன. நூற்றுக்கணக்கான இரவுகளில் ஓடும் வண்டியில் ஆம்பு பேக் பிழிந்து, பிரசவம் பார்த்து, பாம்பு கடித்தவரோடு பேசிக்கொண்டே வந்த கைகளுக்கு, தாளில் எழுதும் தேர்வைத் தவிர வேறெந்த வழியில் அந்தப் பதிவேடு இடம் ஒதுக்கப்போகிறது என்பதை அந்தந்த மாநிலக் கவுன்சில்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.